மணவறை அலங்கார நிறுவனம் ஒன்று இணையத்தள வடிவமைப்பாளரைத் தெரிவு செய்த விதம்: வெள்ளவத்தையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே ஆராயப்படுவது கொழும்பு வெள்ளவத்தையில் இயங்கும் ஒரு சிறு குடும்ப நிறுவனம். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், வீட்டின் கீழ்த்தளத்தையே களஞ்சியமாகவும் அலுவலகமாகவும் வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் மூத்த மகளும் அதை நடத்தி வருகின்றனர். மணவறை அலங்காரமும் சைவப் பந்தி உணவும் அவர்களுடைய தொழில். பம்பலப்பிட்டியின் கதிரேசன் மண்டபம், சரஸ்வதி மண்டபம் போன்ற இடங்களில் நடைபெறும் கலியாணங்களும் பூப்புனித நீராட்டு விழாக்களும் அவர்களுக்கு வேலை தருகின்றன. வாடிக்கையாளர்களில் கணிசமானோர் கொழும்பில் வசிப்பவர்கள் அல்லர். கனடாவிலும் இங்கிலாந்திலும் சுவிற்சர்லாந்திலும் குடியேறியபின், கலியாணத்தை ஊரில் வைத்து நடத்த விரும்பி, சில வாரங்களுக்கு மட்டும் வந்து போகும் குடும்பங்கள் அவர்கள். வாசலுக்கு வந்து பார்க்க முடியாதவர்களுக்கு இணையத்தளமே கடையின் வாசல் என்பதால், அதைக் கட்டித் தருபவரைத் தெரிவு செய்வது இந்தக் குடும்பத்துக்குச் சிறிய முடிவாக இருக்கவில்லை.

இந்த நிறுவனத்தின் கணக்குகளைப் பார்ப்பவன் என்ற முறையில் கொட்டேஷன்களை ஒப்பிடவும் ஒப்பந்தத்தை வாசித்துப் பார்க்கவும் என்னை அழைத்தார்கள். அவர்களுடைய சம்மதத்துடன், பெயர்களைத் தவிர்த்து, நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். இதே தெரிவின் முன் நிற்கும் வேறு சிறு வணிகர்களுக்கு, எந்த வடிவமைப்பாளர் நல்லவர் என்ற கேள்வியைவிட, நல்லவரை அடையாளம் காண எதைக் கேட்க வேண்டும் என்பது பயன்படும் என்று நம்புகிறேன்.

முதல் தளத்துக்கு நேர்ந்தது

நிறுவனத்துக்கு முன்பே ஓர் இணையத்தளம் இருந்தது. தெரிந்தவர் ஒருவர் மூலம் அறிமுகமான இளைஞர் அதைச் செய்து கொடுத்தார். வேலையில் குறை சொல்ல முடியாது. தளம் அழகாகவே இருந்தது, வெளிநாட்டிலிருந்து விசாரணைகளும் வந்தன. ஆனால் தளத்தின் இணைய முகவரியான, 'டொட் கொம்' என முடியும் டொமைன் பெயரை அவர் தமது சொந்தப் பெயரில், தமது மின்னஞ்சல் முகவரியில், தமது கடனட்டையால் பதிவு செய்திருந்தார். தளத்தின் கோப்புகளை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் கணக்கும் அவருடையதே. ஆண்டுதோறும் அவர் கேட்கும் தொகையை ரூபாயில் கொடுத்துவிட்டு, மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்று குடும்பத்தினர் இருந்துவிட்டார்கள். அதில் ஏமாற்றும் நோக்கம் இருந்ததாக நான் கருதவில்லை. கடனட்டை இல்லாத, ஆங்கிலப் படிவங்களுக்குத் தயங்கும் வாடிக்கையாளருக்கு உதவி செய்வதாக நினைத்து இப்படிச் செய்யும் வடிவமைப்பாளர்கள் கொழும்பில் ஏராளம்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இந்த ஏற்பாடு உடைந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஒரு டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாயை எட்டியது. டொமைன், ஹோஸ்டிங், பணம் கொடுத்து வாங்கிய தீம் எனும் தோற்ற வார்ப்புரு ஆகியவற்றின் கட்டணங்கள் அனைத்தும் டொலரிலேயே அறவிடப்படுகின்றன. அந்தக் காலத்தில் நாட்டை விட்டுப் போன பலரைப் போல வடிவமைப்பாளரும் வெளிநாடு சென்றார். அவருடைய பழைய தொலைபேசி இலக்கம் அணைந்துபோனது. பழைய அட்டை காலாவதியானதால் புதுப்பிப்புக் கட்டணம் போகவில்லை. நினைவூட்டல் மின்னஞ்சல்கள் அவர் பார்க்காத முகவரிக்குச் சென்றுகொண்டிருந்தன.

'டொட் கொம்' பெயர் ஒன்று காலாவதியாகும்போது என்ன நடக்கிறது என்பதைச் சிறு வணிகர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று. காலாவதித் திகதிக்குப் பின் பதிவு நிறுவனம் அதிகபட்சம் 45 நாட்கள் வரை பெயரை வழமையான கட்டணத்தில் புதுப்பிக்க இடமளிக்கலாம். எத்தனை நாள் என்பதை அந்த நிறுவனமே தீர்மானிக்கிறது. அதன் பின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போது மீட்பதற்குக் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும். அதுவும் கடந்தால் 5 நாட்களில் பெயர் நீக்கப்பட்டு யாரும் பதிவு செய்யக்கூடியதாகிவிடும். இந்தக் காலம் முழுவதும் பெயரைக் காப்பாற்றும் உரிமை பதிவில் உள்ளவருக்கே உண்டு. வணிகப் பெயர்ப் பதிவுச் சான்றிதழையும் வங்கிக் கணக்கு விவரங்களையும் கையில் வைத்துக்கொண்டு குடும்பத்தினர் பதிவு நிறுவனத்துக்கு எழுதினார்கள். பதிவிலுள்ள பெயர் வேறொருவருடையது என்ற பதிலே வந்தது. இறுதியில் அந்தப் பெயரை வெளிநாட்டிலுள்ள யாரோ எடுத்துக்கொண்டனர்.

இழப்பு தளத்தோடு நிற்கவில்லை. அழைப்பு அட்டைகள், பாத்திரங்கள் ஏற்றிச் செல்லும் வாகனத்தின் பக்கவாட்டு எழுத்து, மண்டபங்களில் கொடுத்து வைத்திருந்த துண்டுப் பிரசுரங்கள் என எல்லாவற்றிலும் பழைய முகவரியே இருந்தது. நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியும் அதே டொமைனில் இருந்ததால், முற்பணம் அனுப்பிவிட்டு உறுதிப்படுத்தலுக்குக் காத்திருந்த லண்டன் குடும்பம் ஒன்றின் கடிதம் திரும்பிப் போனது. பணத்தைப் பெற்றுக்கொண்டு ஆளைக் காணவில்லை என்று அவர்கள் உறவினர் மூலம் விசாரித்தபோதுதான் மின்னஞ்சலும் போய்விட்டது என்பதை வீட்டுக்காரர் அறிந்தார். கலியாணத் தொழிலில் நம்பிக்கை எவ்வளவு பெரிய முதல் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த நாட்களில் அவர்கள் பட்ட அவமானம் புரியும்.

தேவையை எழுதிய முறை

புதிய தளத்துக்கு ஆள் தேடுமுன் தேவையை எழுதிக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். 'ஐந்து பக்கம், ஒரு கலரி, ஒரு தொடர்புப் படிவம்' என்ற வழமையான பட்டியலைக் கொடுத்தால் எல்லா வடிவமைப்பாளர்களும் ஒரே பதிலைத்தான் தருவார்கள். விலை மட்டும் வேறுபடும். ஆகவே மகள் ஒரு வேலை செய்தார். நிறுவனத்தின் வாட்ஸ்அப்பில் முந்தைய கலியாணக் காலத்தில் வந்த விசாரணைகளை முதலிலிருந்து வாசித்து, மக்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதைக் கொப்பி ஒன்றில் எழுதி வந்தார்.

அந்தக் கொப்பியை நான் பார்த்தேன். அலங்காரத்தின் அழகைப் பற்றிய கேள்விகள் அதில் குறைவு. 'ஆவணி இந்தத் திகதி உங்களுக்கு ஓய்வா?', 'இந்த மண்டபத்தின் மேடைக்கு அந்த மணவறை கொள்ளுமா?', 'சாப்பாடு முழுச் சைவமா, சமையல் எங்கே நடக்கும்?', 'முன்னூறு பேருக்கு என்ன விலை வரும்?', 'படத்தில் இருப்பது நீங்கள் செய்ததா, இன்டர்நெட்டில் எடுத்ததா?' என்பவையே திரும்பத் திரும்ப வந்திருந்தன. கடைசிக் கேள்வி எங்கள் எல்லோரையும் சிந்திக்க வைத்தது. பழைய தளத்தில் தமிழ்நாட்டுக் கலியாணப் படங்கள் சில சேர்க்கப்பட்டிருந்தன; யாழ்ப்பாணத்து மணவறையை அறிந்த தாய்மார் அதை ஒரே பார்வையில் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

கொப்பியிலிருந்து ஒன்றரைப் பக்கக் குறிப்பு உருவானது. யார் வருகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள், எந்தக் கருவியில் பார்க்கிறார்கள், பார்த்த பின் என்ன செய்ய வேண்டும் என்பவை அதில் இருந்தன. தமிழும் ஆங்கிலமும் உடனே வேண்டும், சிங்களம் பின்னர் வேண்டும் என்பதும் எழுதப்பட்டது. நிறத்தைப் பற்றியோ எழுத்துருவைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அதைத் தீர்மானிக்கத்தானே வடிவமைப்பாளருக்குப் பணம் கொடுக்கிறோம்.

நால்வர்

நான்கு வாய்ப்புகள் முன்வந்தன. முகநூல் விளம்பரம் மூலம் கிடைத்த மிகக் குறைந்த விலைப் பொதி ஒன்று விரைவில் கழிந்தது. குறிப்பை வாசிக்காமலேயே முழுத் தொகையையும் முற்பணமாகக் கேட்டவரோடு பேசுவதற்கு அதிகம் இருக்கவில்லை.

இரண்டாவது, கொள்ளுப்பிட்டியில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம். அவர்களுடைய விளக்கவுரை நேர்த்தியானது, ஆட்பலம் உண்டு, ஒருவர் விலகினாலும் இன்னொருவர் இருப்பார். அவர்கள் கேட்ட தொகை மூன்றாமவர் கேட்டதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்தத் தொகைக்கு மேல் பெறுமதி சேர் வரி வரும் என்பது கொட்டேஷனின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. 2024 ஜனவரியிலிருந்து அந்த வரி 18 சதவீதம் என்பதால், இது சிறிய எழுத்தில் இருக்கக்கூடிய செய்தியன்று. நிறுவனம் தவறாக எதையும் செய்யவில்லை. வரிக்குப் பதிவு செய்த நிறுவனம் வரி அறவிட்டே ஆக வேண்டும். ஆனால் வரியைத் திரும்பக் கோர முடியாத சிறு வணிகர் ஒப்பிட வேண்டியது வரி சேர்ந்த தொகையையே.

மூன்றாமவர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த இளைஞர். நுகேகொடையிலுள்ள சிங்கள நண்பர் ஒருவருடன் சேர்ந்து வேலை செய்கிறார். இவர் வடிவமைப்பையும் உள்ளடக்கத்தையும் கவனிக்க, நண்பர் நிரல் எழுதுவதைப் பார்த்துக்கொள்கிறார்.

நான்காமவர் வீட்டுக்காரரின் தமையனாரின் மகன். ரொறன்ரோவில் கணினித் துறையில் வேலை செய்கிறார். செலவே வேண்டாம், சித்தப்பாவுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வேன் என்று அன்போடு சொன்னார். இந்த வாய்ப்பைப் பற்றித்தான் வீட்டில் அதிக விவாதம் நடந்தது. 'வெளியாளிடம் பிந்தினால் கேட்கலாம். பெறாமகனிடம் எப்படிக் கேட்கிறது?' என்று வீட்டுக்காரரின் மனைவி சொன்னது என் மனதில் நிற்கிறது. அவர் சொன்னதில் தொழில் அறிவு இருக்கிறது. இலவசமாகச் செய்பவருக்குத் தவணை கிடையாது, பிழை திருத்தக் கடமை கிடையாது, வேலை மாறினால் நேரமும் கிடையாது. உறவு கெடக்கூடாது என்பதால் வாடிக்கையாளர் தம் தேவையையும் சொல்லமாட்டார். அவரை முற்றாக ஒதுக்காமல், தளம் உருவாகும்போது ரொறன்ரோவிலிருந்து தம் கைத்தொலைபேசியில் திறந்து பார்த்து, அங்குள்ள மணப்பெண் ஒருத்தியின் கண்ணால் குறை சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். அதை அவர் மிக நன்றாகச் செய்தார்.

ஒப்பிட்ட விதம்

கொள்ளுப்பிட்டி நிறுவனமும் கொட்டாஞ்சேனை இளைஞரும் எஞ்சினர். இருவரிடமும் முன்பு செய்த மூன்று தளங்களின் முகவரிகளைக் கேட்டோம். அவர்கள் காட்டும் மடிக்கணினித் திரையில் பார்ப்பதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தோம். மகள் தமது சாதாரண ஆண்ட்ரொய்ட் தொலைபேசியில், வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் ஒவ்வொன்றாகத் திறந்தார். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியிலும் அதே முகவரிகளை இட்டுப் பார்த்தோம். பக்கத்தின் மிகப் பெரிய படமோ உரைப் பகுதியோ 2.5 செக்கனுக்குள் திரையில் தோன்ற வேண்டும் என்பது கூகுள் வகுத்துள்ள நல்ல அளவு. பெரிய நிறுவனத்தின் தளங்களில் இரண்டு, முகப்பில் ஓடும் காணொளியினால் அந்த எல்லையை வெகுவாகத் தாண்டின. அலுவலகத் திரையில் வியக்க வைத்த அதே காணொளி, தொலைபேசியில் வெறும் சாம்பல் நிறப் பெட்டியாக நின்றது.

முன்னைய வாடிக்கையாளர்களோடு பேசியது இன்னும் பயன் தந்தது. 'திருப்தியா?' என்று கேட்டால் எவரும் திருப்தி என்றுதான் சொல்வார்கள். ஆகவே 'விலையொன்றை மாற்ற வேண்டுமானால் யார் மாற்றுகிறார்கள், எவ்வளவு நேரம் எடுக்கிறது?' என்றும், 'டொமைன் யாருடைய பெயரில் இருக்கிறது?' என்றும் மட்டும் கேட்டோம். பெரிய நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஒருவர், சிறிய மாற்றத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பிக் கட்டணமும் செலுத்துவதாகச் சொன்னார். இரண்டாம் கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. இளைஞரின் வாடிக்கையாளரான புறக்கோட்டை வியாபாரி ஒருவர், விலைகளைத் தம் கடைப் பையனே மாற்றுவதாகவும், ஆனால் தளத்தை முடித்துத் தருவதற்கு இளைஞர் சொன்ன தவணையைத் தாண்டிவிட்டார் என்றும் ஒளிக்காமல் சொன்னார். அந்தக் குறையைக் குறித்துக்கொண்டோம். ஒப்பந்தம் எழுதும்போது அது உதவியது.

தமிழ் எழுத்துக்கான சோதனையை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். கொழும்பில் தமிழ்த் தளம் கட்ட விரும்புவோர் தவறாமல் செய்ய வேண்டியது இது. ஒரே தமிழ்ப் பந்தியையும் ஒரு தலைப்பையும் ஒரு பொத்தானையும் கொடுத்து, மாதிரிப் பக்கம் ஒன்றைச் செய்து காட்டும்படி இருவரையும் கேட்டோம். அதற்குச் சிறு தொகையும் கொடுத்தோம். பிறர் உழைப்பை மாதிரி என்ற பெயரில் இலவசமாகப் பெறுவது முறையல்ல. எங்கள் பந்தி அச்சகத்திலிருந்து வந்த கோப்பில் இருந்தது. இலங்கை அச்சகங்களில் இன்றும் பாமினி எழுத்துரு பெருவழக்கில் உள்ளது. பாமினி, எல்லாக் கருவிகளும் ஒரேபோல் வாசிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோட் அன்று. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த பழைய ஏற்பாடு. அதை அப்படியே ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே தெரியும்.

பெரிய நிறுவனம் அந்தச் சிக்கலைக் கண்டு, பந்தியைப் படமாக மாற்றிப் போட்டிருந்தது. பார்வைக்குக் குறையில்லை. ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி பக்கத்தின் உரையாக எடுத்துக்கொள்வதில்லை, தொலைபேசியில் பெரிதாக்கினால் மங்குகிறது, பார்வைக் குறைபாடு உள்ளவரின் வாசிப்புக் கருவியும் அதைக் கடந்து போய்விடுகிறது. இளைஞர் பந்தியை யூனிகோடுக்கு மாற்றி, மாற்றத்தில் நேர்ந்த எழுத்துப் பிழைகளைத் தாமே வாசித்துத் திருத்தி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் இட்டிருந்தார். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் 'கீ', 'மூ' போன்ற எழுத்துகளின் மேற்சுழியும் கீழ்ச்சுழியும் அடுத்த வரியோடு முட்டும் என்பதால் இடைவெளியைக் கூட்டியிருந்தார். ஆங்கிலத்தில் சிறு சொல்லாக இருக்கும் பொத்தான், தமிழில் 'தொடர்புகொள்ளுங்கள்' ஆனபோது பெட்டிக்கு வெளியே வழிந்தது; அதைத் 'திகதியைக் கேளுங்கள்' என்று இரண்டு வரியில் அடங்கும்படி மாற்றலாமா என்று கேட்டிருந்தார். இந்த அக்கறையை விலைப் பட்டியல் எதிலும் காண முடியாது.

முடிவைத் தீர்மானித்த கேள்வி

நேரில் சந்தித்தபோது பெரிய நிறுவனத்தின் பிரதிநிதி பெரும்பாலும் தாமே பேசினார். இளைஞர் கேள்வி கேட்டார். அவற்றில் ஒன்றை அப்படியே தருகிறேன்.

'அக்கா, ஒரே முகூர்த்தத்துக்கு எத்தனை மணவறை போடுவீங்க?'

'ரெண்டு, தம்பி. மிஞ்சினா மூன்று.'

'அப்ப ஆவணியில ஒரு நாளுக்குப் பத்துப் பேர் கேட்டா ஏழு பேருக்கு இல்லையென்றுதானே சொல்லணும்? அந்த ஏழு பேருக்கும் பதில் சொல்றதிலேயே உங்க நேரம் போகுதே.'

இதுவரை எல்லோரும் அதிக விசாரணைகளைக் கொண்டுவரும் தளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் சில முகூர்த்த நாட்களில் எல்லாக் கலியாணங்களும் குவிகின்றன. இந்தத் தொழிலுக்குக் குறையாக இருப்பது விசாரணை அன்று, நாள். ஆகவே படிவத்தின் முதல் கேள்வி திகதியாக இருக்க வேண்டும், நிரம்பிவிட்ட முகூர்த்தங்கள் தளத்திலேயே தெரிய வேண்டும், அந்த நாட்காட்டியை மகள் தொலைபேசியிலிருந்தே மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற முடிவுகள் அந்த உரையாடலில் பிறந்தன. நிரம்பாத மாதங்களுக்குப் பூப்புனித நீராட்டு விழா, அறுபதாம் கலியாணம் ஆகியவற்றுக்கான பக்கங்களை முன்னிறுத்தலாம் என்ற யோசனையும் அவருடையதே. தொழிலைப் புரிந்துகொள்ள முயன்றவரைத் தெரிவு செய்வதில் குடும்பத்தில் பின்னர் இரண்டு கருத்து இருக்கவில்லை. தனி ஆள் என்ற ஆபத்து மட்டும் எஞ்சியது. முதல் தளத்தின் அனுபவத்துக்குப் பின் அதை அலட்சியம் செய்ய முடியாது. ஒப்பந்தத்தில்தான் அதற்கு மருந்து தேட வேண்டியிருந்தது.

ஒப்பந்தம்

நான் அதிக நேரம் செலவிட்டது இந்தப் பகுதியில்தான். ஆவணம் நீளமானதன்று, தமிழில், எல்லோருக்கும் விளங்கும்படி எழுதினோம்.

டொமைன் நிறுவனத்தின் பெயரிலேயே பதிவு செய்யப்பட்டது. இம்முறை 'டொட் எல்கே' பெயரைத் தெரிவு செய்தார்கள். 1990 ஆம் ஆண்டு முதல் இலங்கைக்கு உரிய அந்தப் பெயர்களின் பதிவகம் நாட்டுக்குள்ளேயே இருப்பதால், சிக்கல் வந்தால் நேரில் பேச முடியும் என்பது அவர்களுக்கு ஆறுதலாக இருந்தது. 2010 இலிருந்து '.இலங்கை' என்று முடியும் முழுத் தமிழ் முகவரியும் பெறலாம். எனக்கு அதில் ஆசை இருந்தது. ஆயினும் தமிழ் எழுத்திலான மின்னஞ்சல் முகவரிகளைப் பல சேவைகள் இன்னும் சரியாக ஏற்பதில்லை என்பதால், முதன்மை முகவரியாக அதைக் கொள்ளவில்லை.

பதிவுக் கணக்கின் மீட்பு மின்னஞ்சலாக, அதே டொமைனில் அமைந்த முகவரியைக் கொடுக்கக்கூடாது என்று இளைஞர் எச்சரித்தார். டொமைன் போனால் அந்த முகவரியும் போய்விடும். மீட்பதற்கான கடிதம் வந்துசேர இடமிருக்காது. வீட்டுப் பூட்டின் மாற்றுச் சாவியை அந்த வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது போன்றது அது. ஆகவே மகளின் தனி மின்னஞ்சலும், இரட்டைச் சரிபார்ப்புக்கு வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கமும் கொடுக்கப்பட்டன. ஹோஸ்டிங் கணக்கும் நிறுவனத்தின் பெயரில் திறக்கப்பட்டது. வடிவமைப்பாளருக்குத் தனிப் பயனர் பெயரில் அனுமதி கொடுக்கப்பட்டது. தேவை முடிந்தால் அதை மட்டும் நீக்கிவிடலாம்.

தளம், இணையத்தளங்களைக் கட்டி நிர்வகிக்கப் பயன்படும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டப்பட்டது. 2003 இல் வெளியான அந்த மென்பொருள் திறந்த மூல உரிமத்தில் கிடைப்பதால் அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. அதை அறிந்தவர்களும் கொழும்பில் நிறைய உண்டு. இளைஞர் நாளை வேறு வேலைக்குப் போனாலும் இன்னொருவரால் தொடர முடியும் என்பதே எனக்கு முக்கியமாகப்பட்டது. பணம் கொடுத்து வாங்கும் தீம்கள், கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் செருகுநிரல்கள் ஆகியவற்றின் உரிமங்கள் வாடிக்கையாளரின் பெயரிலேயே வாங்கப்பட வேண்டும் என்றும், களவாகப் பகிரப்படும் பிரதிகளைப் பயன்படுத்தக்கூடாது என்றும் எழுதினோம். அத்தகைய பிரதிகளில் தீநிரல் ஒளிந்திருப்பது வழக்கம்.

பதிப்புரிமையைப் பற்றிச் சிறு வணிகர்களிடையே பெரிய தவறான எண்ணம் ஒன்று உண்டு. பணம் கொடுத்தால் படைப்பு நம்முடையதாகிவிடும் என்று நினைக்கிறார்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படைத்தவரே பொதுவாக முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் தம் கடமையின் போக்கில் படைத்தது தொழில் தருநரைச் சேரும். சுயாதீன வடிவமைப்பாளர் நம்முடைய ஊழியர் அல்லர். உரிமை நம்மிடம் மாற வேண்டுமானால் அது எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். இறுதித் தவணை செலுத்தப்படும் நாளில் வடிவமைப்பின் உரிமை நிறுவனத்துக்கு மாறும் என்றும், தமது வேலைக்குச் சான்றாக அதைக் காட்டும் உரிமை வடிவமைப்பாளருக்கு இருக்கும் என்றும் எழுதினோம். இரு தரப்புக்கும் நியாயமான ஏற்பாடு இது என்பது என் கருத்து.

இதே சட்டம் படங்களுக்கும் பொருந்தும். மணவறையைக் கட்டியவர்கள் இவர்கள். ஆனால் கலியாணப் படத்தின் உரிமை அதை எடுத்த புகைப்படக்காரருடையது, அதில் இருப்பதோ மணமக்களின் முகம். இரு தரப்பிடமும் எழுத்தில் சம்மதம் கேட்டார்கள். பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு கொடுத்தனர். மறுத்தவர்களின் படங்கள் விடப்பட்டன. கையிலிருந்த படங்களில் பல வாட்ஸ்அப்பில் வந்தவை என்பதால் சுருங்கித் தெளிவிழந்திருந்தன. மூலப் பிரதிகளைப் புகைப்படக்காரர்களிடம் தேடிப் பெற்றதில்தான் வேலை அதிகம் தாமதமானது. ஒவ்வொரு படத்தின் கீழும் மண்டபத்தின் பெயரை எழுதினார்கள். 'நீங்கள் செய்ததா?' என்ற கேள்விக்கு அதுவே பதிலாயிற்று.

பணம் மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டது: தொடக்கத்தில் ஒரு பகுதி, தமிழ்ப் பக்கங்கள் தொலைபேசியில் சரியாக இயங்கும்போது ஒரு பகுதி, கணக்குகளும் கடவுச்சொற்களும் தளத்தின் முழுப் பிரதியும் கையளிக்கப்பட்டபின் எஞ்சியது. புறக்கோட்டை வியாபாரி சொன்ன தாமதக் குறையை மனதில் வைத்து, எந்தத் தாமதம் யாருடைய பொறுப்பு என்பதையும் எழுதினோம். படம் கொடுக்க வாடிக்கையாளர் பிந்தினால் அந்த நாட்கள் கணக்கில் சேராது. இது இல்லாமல் தவணையை மட்டும் எழுதும் ஒப்பந்தங்கள் சண்டையில்தான் முடிகின்றன.

படிவத்தில் திகதி, மண்டபம், விருந்தினர் எண்ணிக்கை, பெயர், தொலைபேசி இலக்கம் ஆகியவை மட்டுமே கேட்கப்படுகின்றன. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய பின், தேவையற்ற விவரங்களைச் சேர்த்து வைப்பது சிறு நிறுவனத்துக்கும் வீண் பொறுப்பு. இணையத்தில் பணம் செலுத்தும் வசதியை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. நாள் உறுதியாகாமல் முற்பணம் வந்து சேர்ந்தால் திருப்பி அனுப்பும் தொல்லைதான் மிஞ்சும்.

இயங்கத் தொடங்கிய பின்

தளம் ஒப்பந்தத் தவணைக்குச் சற்றுப் பிந்தியே வெளியானது. காரணத்தில் பாதி படங்கள், பாதி வடிவமைப்பாளர். ரொறன்ரோவிலிருந்து பெறாமகன் அனுப்பிய குறைகளில் பயனுள்ளது, நேர வித்தியாசம் பற்றியது. 'இன்றே அழையுங்கள்' என்று எழுதியிருந்த நேரத்தில் கொழும்பில் நள்ளிரவு. அந்த இடத்தில் இப்போது கொழும்பு நேரம் குறிப்பிடப்பட்டு, வாட்ஸ்அப்பில் குரல் பதிவு விடலாம் என்று எழுதப்பட்டுள்ளது. கூகுள் வரைபடத்திலுள்ள வணிகப் பதிவையும் மகள் தமது கணக்கிலேயே உரிமை கோரிப் பெற்றுக்கொண்டார்.

இப்போது வரும் விசாரணைகள் திகதியையும் மண்டபத்தையும் சுமந்தே வருகின்றன. இல்லாத நாளைக் கேட்டு வரும் அழைப்புகள் வெகுவாகக் குறைந்துவிட்டன என்று வீட்டுக்காரரின் மனைவி சொல்கிறார். விலை வரம்பைத் தளத்தில் இடுவது பற்றி மட்டும் கணவருக்கும் மகளுக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. போட்டியாளர் பார்த்துவிடுவார் என்பது தகப்பனாரின் கவலை. பார்த்தால் என்ன என்பது மகளின் நிலை. நான் மகளின் பக்கம். விலையை மறைக்கும் தளத்தைவிட வரம்பையாவது சொல்லும் தளத்தையே தொலைவிலிருப்பவர்கள் நம்புவார்கள்.

சிங்களப் பக்கங்கள் இன்னும் முடியவில்லை. நுகேகொடை நண்பர் மொழிபெயர்த்துத் தந்த பிரதியில் மணவறைச் சடங்குகளின் பெயர்களை எப்படி எழுதுவது என்பதில் தெளிவு வேண்டியிருப்பதால், சிங்களக் குடும்பங்களுக்கு விருந்து வழங்கிய அனுபவமுள்ள சமையற்காரர் ஒருவரோடு சேர்ந்து மகள் அதைத் திருத்தி வருகிறார். பராமரிப்புக்கான இரண்டாம் ஆண்டுக் கட்டணம் பற்றிய பேச்சும் நடக்கிறது. மென்பொருள் புதுப்பிப்பு, மாதாந்தக் காப்புப் பிரதி, பழுது நேர்ந்தால் இரண்டு வேலை நாட்களுக்குள் பதில் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து இளைஞர் ஒரு தொகை கேட்டிருக்கிறார். காப்புப் பிரதியின் ஒரு படி நிறுவனத்தின் சொந்தச் சேமிப்பகத்தில் மாதந்தோறும் வந்து சேருமானால் அந்தத் தொகையைக் கொடுக்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.